ஊலென்ஷ்டைன் கோட்டையின் முத்திரை

ரோர்டல்
3.4.2005

அன்புள்ள ஜேசண்ணைக்கு,

ராசலிங்கம் எழுதுகிறேன். ரோர்டல் அகதி விடுதியில், மேல்மாடி அறையில் உங்கள் பக்கத்துக் கட்டிலில் படுத்த ராசு. ஷோனெஃபெல்டில் ஒரே விமானத்தில் வந்து இறங்கி, ஒரே பேருந்தில் இந்த ஊருக்கு அனுப்பப்பட்டவர்கள் நாங்கள். இவ்வளவு விளக்கம் தேவையில்லைத்தான். ஆனால் பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு வெறும் பெயரை எழுதி நிறுத்தக் கை வரவில்லை.

போன ஆவணியில் கேவலார் மாதா கோயில் பெருநாளில், விடுதியில் எங்களோடு இருந்த அலோசியஸைக் கண்டேன். நீங்கள் எசனில் இருப்பதாகவும், ரைல்ஸ் பதிக்கும் வேலை செய்வதாகவும், ஒரு மகன் இருப்பதாகவும் சொன்னான். தொலைபேசி இலக்கம் கேட்டேன். உங்களைக் கேட்டுவிட்டு வந்து, "போனிலை கதைக்க வேண்டாமாம். எழுதுறதெண்டா எழுதட்டாம்" என்று விலாசத்தை மட்டும் தந்தான். அந்த விலாசத்தை எட்டு மாதமாகப் பையில் வைத்திருக்கிறேன்.

நான் இன்னும் ரோர்டலில்தான் இருக்கிறேன். நகரசபைப் பணிமனையில் வேலை. கோடையில் புல் வெட்டுவோம், மாரியில் பனி தள்ளுவோம். யோகத்தைக் கலியாணம் முடித்துப் பதினைந்து வருடம். மகள் அஜிதாவுக்குப் பதின்மூன்று.

இப்போது எழுதக் காரணம் ஷ்டைன்கோப்ஃப் குன்று. எண்பத்தாறில் எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லாத காலத்தில், பொதுவேலை என்று சொல்லி நடைபாதைக்குப் பற்றை வெட்ட அனுப்பினார்களே, அதே குன்று. வருகிற புரட்டாதியில் அங்கே குடிதண்ணீர்த் தொட்டி கட்டப் போகிறார்கள். குன்றின் தலையை இயந்திரம் வைத்துச் சீவிவிடுவார்கள். மரம் தறிக்கும் வேலை எங்கள் பணிமனைக்கு வந்திருக்கிறது.

அங்கே எங்களுக்கு வேலை காட்டிய பள்ளிக்கூடத்து ஆல்போர்ன் மாஸ்ரர் உயிரோடு இருக்கிறார். எண்பத்துமூன்று வயது. ஊலென்ஷ்டைன் கோட்டை அந்தக் குன்றில்தான் இருந்தது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாநிலத் தொல்லியல் அலுவலகம் கேட்பதாயில்லை. அப்படி ஒரு கோட்டை இருந்ததற்குப் பத்திரம் இருக்கிறது, 1385இல் நகரத்தார் அதை எரித்ததற்கும் பத்திரம் இருக்கிறது, ஆனால் இந்தக் குன்றா, ஓடைக்கு அந்தப் பக்கத்துக் குன்றா என்பதற்கு ஆதாரம் இல்லையாம். இன்ன இடம் என்று காட்ட ஏதாவது இருந்தால் தோண்டிப் பார்ப்பார்களாம். இல்லாவிட்டால் தொட்டிதான்.

நீங்கள் அங்கே நடைபாதை ஓரத்தில் ஆட்கள் இருக்கிற வாங்கில் நடக் குழி தோண்டியபோது ஒரு சாமான் கண்டெடுத்தீர்கள். அது எந்தக் குழி? இடம் நினைவிருந்தால் எழுதுங்கோ.

அன்புடன்,
ராசலிங்கம்


எசன்
14.4.2005

ராசலிங்கம்,

உன் கடிதம் வந்த நாள் தொடக்கம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு வீட்டுக் குளியலறையில் ஒரு வரிசை ரைல்ஸைத் தலைகீழாகப் பதித்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் உடைத்தெடுத்தேன். ஊரில் மேசன் வேலை செய்த காலத்தையும் சேர்த்து இருபது வருட அனுபவம் உள்ளவன் செய்கிற பிழை இல்லை.

இடம் நினைவிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டும் போவேன். ஆனால் நீ எழுதிய இரண்டு பக்கத்தில் ஒரு விஷயம் இல்லை. அதை நான் எழுதுகிறேன்.

86 ஐப்பசி. குழி தோண்டிய அலவாங்கு கல்லில் பட்டது. மண்ணைக் கிளறினால் பச்சை பிடித்த ஒரு வெண்கல வட்டம். துப்பித் துடைத்துப் பார்த்தேன். ஒரு ஆந்தை. நீ பற்றை வெட்டிக்கொண்டு நின்ற இடத்துக்குக் கொண்டுவந்து காட்டினேன். உனக்கு மட்டும். பின்னேரம் இறங்கி வரும்போது ஆல்போர்ன் மாஸ்ரர் ஓடையடியில் நின்றார். எனக்கு அப்போது தெரிந்த நாலு ஜெர்மன் சொல்லை வைத்து, "நான் ஏதோ கண்டேன். நாளை" என்றேன். அந்த மனிதனின் முகம் மலர்ந்ததை நீயும் பார்த்தாய். கழுவித் துடைத்து மரியாதையாகக் கொடுப்போம் என்று நினைத்தேன். சட்டைப் பையில் போட்டு ஆணியில் மாட்டினேன். விடிய அது இல்லை.

ஒன்றுமில்லாத கையோடு மாஸ்ரருக்கு முன்னால் நின்றேன். சாமான் காணாமல் போய்விட்டது என்று சொல்ல எனக்குச் சொல் தெரியவில்லை. பொலிஸ் இரண்டு பேர் வந்தார்கள். என் மெத்தையைக் கிழித்தார்கள். சப்பாத்தின் அடியைக் கழற்றினார்கள். நீ கதவடியில் நின்றுகொண்டிருந்தாய். மறுகிழமை என்னை மட்டும் வேறு முகாமுக்கு ஏற்றினார்கள். என் அகதி வழக்கு விசாரணைக்கான கடிதம் பழைய விலாசத்துக்கு, ரோர்டலுக்கு வந்தது. எனக்குக் கிடைக்கவில்லை. விசாரணைக்கு வரவில்லை என்று வழக்கைத் தள்ளினார்கள். பிறகு ஒன்பது வருடம் டுல்டுங். நாடு கடத்துவதைத் தள்ளிப்போட்டிருக்கிறோம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை முத்திரை குத்துகிற கடதாசி. அந்தக் கடதாசியோடு கலியாணம் கட்ட ஏலாது, வேலை எடுக்க ஏலாது, மாவட்ட எல்லை தாண்ட ஏலாது. அந்த ஒன்பது வருடத்துக்குள் அம்மா ஊரில், பாசையூரில் செத்துப்போனா.

கனகாலம் அந்த விடுதிக் காவல்காரன்தான் எடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நீ குழியைக் கேட்கிறாய். சாமானுக்கு என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை?

ஜேசுரட்ணம்


ரோர்டல்
24.4.2005

ஜேசண்ணை,

நீங்கள் கேட்டதற்கு ஒரே வசனத்தில் பதில் எழுத வேண்டும் என்று பத்து நாள் முயன்றேன். முடிந்தது இதுதான்: அதை எடுத்தது நான். இப்போதும் என்னிடம் இருக்கிறது.

பயத்தில் எடுத்தேன். மண்ணுக்குள் இருந்து எடுத்த சாமானைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பொலிஸ் வரும், கேள்வி வரும், இரண்டு பேருடைய வழக்கும் பழுதாகும் என்று நினைத்தேன். காலையில் சொல்லலாம் என்று இருந்தேன். காலையில் நீங்கள் அறை முழுக்கத் தேடியதைப் பார்த்ததும் வாய் வரவில்லை. பொலிஸ் வந்த பிறகு சொல்லவே ஏலாமல் போய்விட்டது. நான் கதவடியில் நின்றபோது அது என் காலுறைக்குள் இருந்தது.

யோகத்தின் தையல் பெட்டிக்குள், ஒரு கிறீம் தகரத்தில் வைத்திருக்கிறேன். என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஊரிலிருந்து வந்தது என்று சொன்னேன். ஒருமுறை பச்சை போகட்டும் என்று புளி போட்டு மினுக்கினேன். விளிம்பைச் சுற்றி எழுத்து ஓடுகிறது. கண்ணாடியில் பிடித்துத்தான் வாசிக்கலாம், ஏனென்றால் அது மெழுகில் குத்துகிற முத்திரை. ஹைன்றிஷ் என்றும், ஊலென்ஷ்டைன் என்றும் வாசித்தேன். மாஸ்ரர் ஆயுள் முழுவதும் தேடுகிற பெயர்.

இதை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால் எங்கேயோ சந்தையில் வாங்கியதாகவும் இருக்கலாம் என்பார்கள். இடமும் வேண்டும். இடம் உங்களிடம்தான் இருக்கிறது. மாஸ்ரர் குறித்துவிட்ட மூன்று வாங்கில் குழியும் எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் கண்டெடுத்தது அந்த மூன்றிலும் இல்லை என்று நினைக்கிறேன். தொண்ணூறாம் ஆண்டுப் புயலில் மரமெல்லாம் விழுந்து அடையாளமும் போய்விட்டது.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. இடத்தைச் சொல்லுங்கோ.

ராசு


எசன்
2.5.2005

ராசலிங்கம்,

பயத்தில் எடுத்தவன் அதை ஓடையில் எறிந்திருப்பான். விடுதியிலிருந்து ஓடைக்கு இருநூறு அடி. நீ காலுறைக்குள் வைத்திருந்தாய். பிறகு தகரத்துக்குள் வைத்தாய். புளி போட்டு மினுக்கினாய்.

எனக்குப் பொய் எழுதாதே. இன்னொரு பொய்க் கடிதம் வந்தால் அதைத் திறக்காமல் திருப்பி அனுப்புவேன். தொட்டி வந்தாலும் சரி, கோட்டை போனாலும் சரி.

ஜேசுரட்ணம்


ரோர்டல்
22.5.2005

ஜேசண்ணை,

நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். யோகம் குப்பைக்குள் கண்டுவிட்டு, "ஆருக்கப்பா இவ்வளவு எழுதுறியள்?" என்று கேட்டாள். துண்டுகளை வாங்கிக் கொண்டுபோய் வெளிக் குப்பைப் பெட்டியில் போட்டேன்.

உண்மை இது.

ஆல்போர்ன் மாஸ்ரருக்கு உங்களைத்தான் பிடிக்கும். நீங்கள் கல்லைத் தட்டிப் பார்த்து இது வெட்டிய கல், இது தானாய் உடைந்த கல் என்று காட்டுவீர்கள். அவர் உங்களை வீட்டுக்குக் கூட்டிப்போய் வரைபடமெல்லாம் காட்டினார். உங்கள் வழக்குக்கு ஆதரவுக் கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னார். எனக்கு அவர் ஒருமுறை கை காட்டியதோடு சரி. அந்த வட்டத்தை நீங்கள் கொடுத்தால் அவர் உங்களைத் தலையில் தூக்கி வைப்பார், உங்களுக்கு விசா கிடைக்கும், நான் அந்த அறையில் தனியே கிடப்பேன் என்று நினைத்தேன். அது உங்கள் கையால் அவரிடம் போகக்கூடாது. அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. ஒரு நாள் நானே கண்டெடுத்ததுபோல் கொடுக்கலாம் என்றும் நினைத்தேன்.

உங்களைக் கொண்டுபோனபின் மாஸ்ரர் மனம் உடைந்துபோய் இருந்தார். நான் ஒவ்வொரு நாளும் போய் அவருடைய தோட்டத்தில் நின்றேன். எனக்குக் கடிதம் எழுதித் தந்தார். அந்தக் கடிதம் என் வழக்குக் கோப்பில் இருந்தது. எனக்கு அனுமதி கிடைத்தது.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதாமல் விட்டால் நீங்கள் கேட்கவும் மாட்டீர்கள், ஏனென்றால் உங்களுக்குத் தெரியாது. உங்கள் விசாரணைக் கடிதம் காவல்காரனின் மேசையில் ஒரு கிழமை கிடந்தது. உங்கள் பெயரை நான் வாசித்தேன். உங்கள் புது முகாமின் விலாசம் சுவரில் ஒட்டியிருந்தது. எடுத்து இன்னொரு உறையில் போட்டிருக்கலாம். நீங்கள் வழக்கு வென்று திரும்பி வந்தால் என்னைக் கேட்பீர்கள் என்று விட்டுவிட்டேன்.

இனி ஒளிக்க ஒன்றும் இல்லை.

ராசலிங்கம்


எசன்
9.6.2005

ராசலிங்கம்,

உன் கடிதம் கிடைத்து மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. மனைவி ரெஜினா, காய்ச்சலா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

போன வியாழன் காரை எடுத்துக்கொண்டு ரோர்டலுக்கு வந்தேன். உன் வீட்டுத் தெருவால் போனேன். நீ பணிமனை உடுப்போடு மதில் ஓரத்தில் புல் வெட்டிக்கொண்டு நின்றாய். தலை நரைத்துவிட்டது. காரை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் உன்னை அடித்திருப்பேன். நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் நடுத்தெருவில் அடிபிடிப்படக் கூடாது என்று எனக்குள் சொல்லிச் சொல்லி ஓட்டினேன்.

தேவாலயத்துக்கு முன்னால் நிறுத்தினேன். அதன் கீழ்ச் சுவரைப் பார்த்திருக்கிறாயா? பெரிய கற்கள் சிலவற்றின் நடுவில் விரல் நுழைகிற குழி இருக்கும். கல்லைத் தூக்க இரும்பு இடுக்கி கடித்த அடையாளம். அப்படிக் கல்லைச் சின்னத் தேவாலயத்துக்கு யாரும் வெட்ட மாட்டார்கள். கோட்டையை எரித்தபிறகு ஊரார் வண்டி வைத்துக் கல்லை இறக்கியிருக்கிறார்கள். அதனால்தான் குன்றில் ஒன்றும் இல்லை. எல்லாம் ஊருக்குள் இருக்கிறது. பன்றிக் கொட்டில் மூலையில்கூட ஒரு கல் கண்டேன்.

பிறகு குன்றில் ஏறினேன். மரம் இல்லை, முள்ளுப்பற்றை. ஆனால் எண் வெட்டிய எல்லைக்கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நான் அதிலிருந்துதான் அளந்தேன். அன்றைக்கு மாஸ்ரர் காட்டிய இடத்தில் பாறை தட்டியது. தள்ளித் தோண்டினேன். அங்கே அலவாங்கின் சத்தம் மாறியது. அது சாந்து. சுண்ணாம்புச் சாந்துக்கும் பாறைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போதே காதில் விழும். சாமானை எடுத்ததும் குழியை மூடிவிட்டு மூன்றாவது இடத்தில் வாங்கிலை நட்டேன். அந்த இடத்தில் பற்றைக்குள் அரை மணித்தியாலம் நின்றேன். காலில் முள்ளுக் கீறி இரத்தம் வந்தது. காலுக்குக் கீழே அந்தச் சாந்து இருக்கிறது. நான் தோண்டினால் தட்டும்.

இடத்தைச் சொல்லுவேன். ஒரு நிபந்தனை. முதலில் நீ ஆல்போர்ன் மாஸ்ரரிடம் போ. முத்திரையைக் கொண்டுபோய்க் கொடு. எனக்கு எழுதியதை அவருக்குச் சொல்லு. எழுதிக் கொடுக்காதே. வாயால் சொல்லு.

ஜேசுரட்ணம்


ரோர்டல்
3.7.2005

ஜேசண்ணை,

சொல்லிவிட்டேன்.

இரண்டு கிழமை எடுத்தது. மூன்று தரம் அவர் வீட்டு மணியை அடிக்காமல் திரும்பினேன். யோகத்துக்கு முதலில் சொன்னேன். அவள் தையல் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்து, தகரத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். "இதை வைச்சுக்கொண்டு எப்பிடி அந்த மனுசனோடை சிரிச்சுக் கதைச்சனியள்?" என்று கேட்டாள். நாலு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள், "நானும் வாறன், எழும்புங்கோ" என்றாள்.

மாஸ்ரருக்கு இப்போது காது மந்தம். ஆகவே எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. களவு என்ற சொல்லை இரண்டுதரம் சொன்னேன், முதல்தரம் அவருக்குக் கேட்கவில்லை. அவர் முத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுதார். சந்தோசத்திலா என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு கேட்டார்: "அந்த மற்றவர் உயிரோடிருக்கிறாரா?" எசனில் இருக்கிறார் என்றேன். "பொலிசைக் கூப்பிட்டது நான். நீ எடுத்தாய். அவர்தான் ஒளித்தார் என்று நான் யோசிக்காமல் நம்பினேன்" என்றார். அலமாரியிலிருந்து ஒரு பழைய குறிப்புக் கொப்பியை எடுத்தார். எனக்காக எழுதிய ஆதரவுக் கடிதத்தின் பிரதி அதில் இருந்தது. "நேர்மையான இளைஞன்" என்று எழுதியிருந்த வரியைப் பென்சிலால் வெட்டி, பக்கத்தில் திகதி போட்டார். எனக்கு முன்னாலேயே.

தொல்லியல் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்து முத்திரையைப் பார்த்தா. புளி போட்ட கதையைக் கேட்டதும் தலையில் கை வைத்தா. பச்சையோடு மண்ணும் இருந்திருந்தால் இன்னும் நிறையச் சொல்லலாமாம். இருந்தாலும் இடம் தெரிந்தால் ஐந்து கிழமை தோண்ட அனுமதி எடுப்பதாகச் சொன்னா. புரட்டாதி முதலாம் கிழமை இயந்திரம் வருகிறது. அதற்குமேல் ஒரு நாளும் தரமாட்டார்கள்.

நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டேன்.

ராசலிங்கம்


எசன்
8.7.2005

ராசலிங்கம்,

16ஆம் திகதி சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லைக்கல்லடியில் நிற்பேன். அந்த அம்மாவையும் மாஸ்ரரையும் வரச் சொல்லு. உன் வீட்டுக்கு வரமாட்டேன். எனக்குச் சாப்பாடு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று யோகத்திடம் சொல்லு.

இன்னொன்று. நடந்ததை ஜெர்மனில் எழுதி, கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பு. அதை அப்போதைய வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அனுப்பப் போகிறேன். என் கோப்பில் களவுச் சந்தேகம் என்று ஒரு வரி இருக்கிறது. வழக்கறிஞர் ஒருவர் வாசித்துக் காட்டினார். அந்த வரியை எடுப்பிக்க வேண்டும். எனக்கு இப்போது நிரந்தர வதிவிடம் இருக்கிறது, அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று அந்த வழக்கறிஞரே சொல்கிறார். எனக்கு வேண்டும்.

ஜேசுரட்ணம்


ரோர்டல்
2.10.2005

ஜேசண்ணை,

நீங்கள் கேட்ட வாக்குமூலத்தை ஆடியிலேயே அனுப்பியிருந்தேன். கிடைத்ததா என்று அன்றைக்குக் கேட்கத் துணிவு வரவில்லை. நீங்கள் குன்றில் என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அது சரிதான். ஆனால் நீங்கள் போனபின் நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நீங்கள் எல்லைக்கல்லிலிருந்து தேவாலயக் கோபுரத்தைப் பார்த்தபடி பதினேழு காலடி வைத்து நின்றீர்களே, அந்த இடத்தில் முதல்நாளே உங்கள் பழைய குழி தெரிந்தது. தோண்டி மூடிய மண் நிறம் மாறியிருக்குமாம். அதற்குக் கீழே சாந்து. பிறகு வட்டமாகச் சுவர். இரண்டு மீற்றரும் பத்துச் சென்ரிமீற்றரும் தடிப்பு. கோபுரத்தின் அடி என்றார்கள். உள்ளே ஒரு சாண் உயரத்துக்குக் கரி. கருகிய தானியம், வெடித்த ஓடு, ஒரு கதவுப் பிணைச்சல். நகரத்தார் எரித்தது உண்மை. அந்த ஹைன்றிஷ் ஆள் எப்படிப்பட்டவன் என்று மாஸ்ரர் எனக்குச் சொன்னார். வழியால் போகிற வியாபாரிகளை மறித்துப் பறித்தவனாம். எரித்தபிறகு, அங்கே கல்லின்மேல் கல் வைக்கமாட்டோம் என்று அவனுடைய பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கினார்களாம். ஆறு நூற்றாண்டாக யாரும் வைக்கவில்லை.

தொட்டியை அறுபது மீற்றர் கீழே தள்ளிக் கட்டுகிறார்கள். ஐந்து கிழமை முடிந்ததும் சுவரைப் படமெடுத்து, அளந்து, மணல் போட்டு மூடிவிட்டார்கள். திறந்துவிட்டால் மழையும் பனியும் தின்றுவிடுமாம். மணல் கொட்டியது எங்கள் பணிமனைதான். நானே கொட்டினேன். இப்போது மேலே போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நகரபிதா என்னைக் கூப்பிட்டார். சட்டப்படி காலம் கடந்துவிட்டது, வழக்கில்லை என்றார். வேலை இருக்கிறது. அடுத்த வருடம் தருவதாக இருந்த மேற்பார்வை வேலை இல்லை. உள்ளூர்ப் பத்திரிகையில் பெயர் போடாமல் எழுதினார்கள். ஆனால் ரோர்டலில் ஒரே ஒரு தமிழ்க் குடும்பம். வெதுப்பகத்தில் எனக்கு முன்னால் நிற்பவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். அஜிதா, "அப்பா, நீங்கள் ஏன் அண்டைக்கே குடுக்கேல்லை?" என்று கேட்டாள். அவளுக்கும் முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டுப் போய்க் கதவைச் சாத்தினாள்.

கண்டெடுத்தவர் என்று தொல்லியல் அலுவலகத்தின் அறிக்கையில் உங்கள் பெயர் வந்திருக்கிறது. நீங்கள் அந்த அம்மாவுக்கு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தது சரியாகவே அச்சாகியிருக்கிறது. ஒரு பிரதியை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன்.

மாஸ்ரர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்று என்னவோ சொன்னார். நான் தள்ளி நின்றதால் கேட்கவில்லை.

ராசலிங்கம்


எசன்
16.10.2005

ராசலிங்கம்,

அறிக்கை கிடைத்தது. கரியும் தானியமும் என்ற இடத்தை இரண்டுதரம் வாசித்தேன். யாரோ சாப்பிட வைத்திருந்தது.

மாஸ்ரர் சொன்னதைக் கேட்கிறாய். "அன்றைக்கு நீங்கள் என்ன சொல்ல வந்தீர்கள் என்று நான் பொறுமையாகக் கேட்டிருக்க வேண்டும்" என்றார். அப்போது எனக்கு நாலு சொல்தான் தெரியும் என்றேன். "எனக்கு எல்லாச் சொல்லும் தெரியுமே" என்றார். வேறொன்றும் இல்லை. அந்த மனிதனில் எனக்குக் கோபம் இல்லை.

உன் வாக்குமூலத்தை அலுவலகத்துக்கு அனுப்பினேன். போன கிழமை பதில் வந்தது. மூன்று வரி. பழைய முகாம் கோப்புகள் குறித்த காலம் முடிந்ததும் அழிக்கப்பட்டுவிட்டனவாம். என் பெயரில் அங்கே எதுவும் இல்லையாம். ஆகவே திருத்துவதற்கும் ஒன்றும் இல்லையாம். பணிவன்புடன் என்று முடித்திருக்கிறார்கள்.

அந்தக் கடிதத்தோடு குசினியில் இருந்தேன். மகன் வாசித்துவிட்டு, "நல்லதுதானேப்பா, ஒண்டும் இல்லையாம்" என்றான். எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி விளங்கும்? 96இல் ரெஜினாவைக் கேட்டுப் போனபோது அவளுடைய தமையன் ஞானப்பிரகாசம் சபைக்கு நடுவில் கேட்டான்: "ரோர்டலிலை களவெடுத்துப் பிடிபட்ட ஜேசுரட்ணமோ நீர்?" நான் எழும்பிப் போக வெளிக்கிட்டேன். ரெஜினாதான் மறித்தாள். அவன் கலியாணத்துக்கு வரவில்லை. பிறகு வந்து போனான். ஆனால் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி மாட்டமாட்டான். மடியில் வைத்துக்கொண்டுதான் இருப்பான். ரெஜினா அதைப் பார்த்தும் பார்க்காதமாதிரித் தேத்தண்ணி ஊற்றுவாள். அவள் என்னை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

கோப்பை எரித்துவிட்டார்கள். இவர்களுடைய நெஞ்சில் இருக்கிற கோப்பை யார் எரிப்பது?

ஆகவே நீ எசனுக்கு வா. 29ஆம் திகதி சனிக்கிழமை மத்தியானம் ஞானப்பிரகாசத்தையும் குடும்பத்தையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன். ரெஜினாவும் மகனும் இருப்பார்கள். சாப்பிட முதல் நீ எல்லோருக்கும் முன்னால் நின்று சொல்ல வேண்டும். தமிழில். யார் எடுத்தது, ஏன் எடுத்தது, அந்த விசாரணைக் கடிதம் எங்கே கிடந்தது, எல்லாம். சொன்னபின் உன்னை மன்னிப்பேனா என்று கேட்காதே. எனக்கே தெரியாது.

வராவிட்டால் இதுவே கடைசிக் கடிதம்.

ஜேசுரட்ணம்


ரோர்டல்
20.10.2005

ஜேசண்ணை,

வாறன்.

யோகமும் அஜிதாவும் கூட வருகிறார்கள். நான் கேட்கவில்லை. அஜிதாதான், "நீங்கள் சொல்லேக்கை நானும் நிக்கோணும்" என்றாள். அவளுக்கு முன்னால் சொல்வதுதான் எனக்குப் பெரிய பயமாக இருக்கிறது. ஆனால் மறிக்கவில்லை.

இரண்டு நாளாகப் பணிமனையில் இலை கூட்டும்போது சொல்லிப் பார்க்கிறேன். எங்கே தொடங்கினாலும் விமானத்தால் இறங்கிய கதைக்குள் போய்விடுகிறேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, எடுத்தது நான் என்று முதல் வசனத்திலேயே சொல்லிவிடுவேன். ஞானப்பிரகாசம் அண்ணை என்ன கேட்டாலும் பதில் சொல்லுவேன். கையை ஓங்கினாலும் நிற்பேன்.

பதினொன்று நாற்பதுக்கு எசனில் இறங்குவோம். ஸ்ரேசனுக்கு வர வேண்டாம், விலாசம் என்னிடம் இருக்கிறது, கேட்டுக் கேட்டு வந்து சேருவோம். எங்களுக்குச் சாப்பாடு வைக்க வேண்டாம். சொல்லி முடித்தபின் நாங்கள் போவதா, இருப்பதா என்று நீங்கள் அப்போது சொல்லுங்கோ.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மணியை அடித்தால் கதவை நீங்களே வந்து திறவுங்கோ. வேறு யாரும் திறந்தால் எனக்குக் கால் திரும்பிவிடும்.

ராசலிங்கம்